நானோகிராம் பக்கத்தில் ஒரு பிழை

ஒரு மில்லிகிராமில் எத்தனை புரோட்டான் அடங்கும் என்று தெரியாமல் தூக்கம் கெட்டவர் யாராவது உண்டா என்றால், நமக்குத் தெரிந்து இல்லை. இருந்தாலும் அதைச் சொல்வதற்கு ஓர் அலுவலகம் இருந்தது. பேட்டரிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், இரண்டே அறை, மூன்றே பேர், ஒரு மின்விசிறி. மின்விசிறிக்கு ஒரே வேகம். அதுவும் மனது வைத்தால்தான்.

அங்கே நடந்தது அலகு மாற்றும் வேலை. கிலோவைப் பவுண்டாக்குவது, மைலைக் கிலோமீட்டராக்குவது என்று இணையத்தில் பக்கம் பக்கமாக அட்டவணை போட்டு வைத்திருந்தார்கள். அவற்றை ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் முதலாளிக்கு ஓர் ஆசை. எடை என்று உலகத்தில் எதெல்லாம் உண்டோ, அதெல்லாம் ஒன்றுக்கொன்று மாற வேண்டும். லாரிச் சுமையிலிருந்து எலெக்ட்ரான் வரைக்கும் ஒன்றும் விட்டுப்போகக் கூடாது. "கடைன்னு வெச்சா எல்லாம் இருக்கணும்மா. வாங்குறதும் வாங்காததும் அவங்க இஷ்டம்," என்பார். அப்படித்தான் மில்லிகிராமிலிருந்து மியூவானுக்கு, மைக்ரோகிராமிலிருந்து புரோட்டானுக்கு என்று துகள் பக்கங்கள் முந்நூற்றுச் சொச்சம் பிறந்தன. அப்படி ஒரு பக்கத்தை மாதத்துக்கு ஏழு பேர் பார்த்தால் அது நல்ல மாதம். அந்த ஏழில் ஐந்து தடவை பார்ப்பது சரிபார்க்கிறவளேதான்.

அவள்தான் நம் கதைக்கு வேண்டியவள். வயது நாற்பத்தொன்று. பதினோரு வருடமாக அதே நாற்காலி. ஓர் எண்ணை வெளியே விடுவதற்கு முன்னால் அவள் அதோடு போய்த் திரும்பி வருவாள். அதாவது, ஒரு மில்லிகிராமைப் புரோட்டானாக மாற்றி, விடையைத் தனித் தாளில் எழுதிக் கவிழ்த்து வைப்பாள். ஜன்னலோரம் போய் நின்று தெருவை வேடிக்கை பார்ப்பாள். பத்து நிமிடம் கழித்து வந்து, போன கணக்கைப் பார்க்காமல், புரோட்டானிலிருந்து மில்லிகிராமுக்குத் திரும்புவாள். திரும்பி வரும்போது சரியாக ஒன்று வர வேண்டும். 0.999 வந்தால்கூடப் போன வழியில் எங்கோ கால் இடறியிருக்கிறது என்று பொருள். சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டுவிட்டு மறுபடியும் முதலிலிருந்து கிளம்புவாள். இதைப் பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் பிடிக்கும். அவளுக்கு இதில்தான் பைத்தியம் தெளியும்.

அவள் மேசைக்கு நேர் எதிரே முதலாளி ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருந்தார். அதில் இரண்டே வரி. 'முன்னவர் காலத்துப் பிழைகள்' என்று ஒன்று; 'நம் பிழைகள்' என்று ஒன்று. முன்னவர் என்பது அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த மனிதர். அவர் வேலையை விட்டுப் போய்ப் பதினோரு வருடமாகியும் அவருடைய எண் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. 'நம் பிழைகள்' என்பதற்கு எதிரே பூஜ்ஜியம். அதே எண் இணையப் பக்கத்தின் அடியிலும் இருக்கும். அலுவலகத்துக்கு யார் வந்தாலும், தண்ணீர் கேன் போட வந்தவர் உட்பட, முதலாளி அந்தப் பூஜ்ஜியத்தைக் காட்டாமல் அனுப்ப மாட்டார். அவளுக்கும் அதுவே பெயராகிவிட்டது. அட்டவணைகளுக்குக் கட்டம் போட்டு இணையத்தில் ஏற்றும் மூன்றாவது ஆள், அவரைக் கட்டம் என்றே கூப்பிடுவார்கள், அவளைப் 'பூஜ்ஜியம் அக்கா' என்பார். அவரும் முப்பத்தெட்டு வயதுக்காரர்தான். மூன்று வயது வித்தியாசத்துக்கு அக்கா பட்டம் எதற்கு என்று அவளுக்கு உள்ளூர ஒரு மனத்தாங்கல் உண்டு. சொன்னதில்லை.

ஒவ்வொரு பக்கத்தின் கீழும் ஒரு பிழைப் பெட்டி உண்டு. தப்பு கண்டுபிடித்தவர் அதில் எழுதலாம். எழுதினால் அவளுக்கு வரும். அவள் பார்த்து ஒரு பதில் போடலாம். தப்பு உண்மைதான் என்று அவள் ஒப்புக்கொண்டால் பலகையிலும் இணையத்திலும் எண் ஒன்று ஏறிவிடும். பெரும்பாலும் பெட்டிக்குள் வருவது வீட்டுப்பாடத்துக்கு விடை கேட்கிற பிள்ளைகளின் விண்ணப்பங்கள்தான்.

ஒன்றே கால் வருடத்துக்கு முன்பு ஒரு நாள் அதில் இப்படி ஒரு குறிப்பு வந்தது:

'மைக்ரோகிராமை அணு நிறை அலகாக மாற்றும் பக்கத்தில் 5.979 என்று போட்டிருக்கிறீர்கள். அது புரோட்டானின் கணக்கு. அணு நிறை அலகுக்கு 6.022 வர வேண்டும். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். ஆனால் தம்பி சட்டையை அண்ணன் போட்டால் தோளில் பிடிக்கும். தயவுசெய்து திருத்தவும். இப்படிக்கு, ஒரு கல்லூரி ஆய்வகக் காப்பாளர்.'

பார்த்தாள். முன்னவர் போட்ட பழைய பக்கம். மனிதர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. 'திருத்திவிட்டோம். நன்றி' என்று எழுதினாள். எழுதிவிட்டு அனுப்பாமல் கொஞ்ச நேரம் யோசித்து, 'சட்டை உதாரணம் நன்றாக இருந்தது' என்று ஒரு வரி சேர்த்தாள். அந்த ஒரு வரிதான் வம்பு.

அடுத்த வாரம் இன்னொரு பிழையோடு வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். முன்னவர் கைங்கரியத்துக்குக் குறைவில்லை. தோண்டத் தோண்ட வந்தது. எலெக்ட்ரான் பக்கத்தில் ஒரு பூஜ்ஜியம் குறைந்திருந்தது. டியூட்ரான் பக்கத்தில் பெருக்க வேண்டியதை வகுத்திருந்தார். ஒவ்வொரு பிழையோடும் இரண்டு வரி சொந்தக் கதை ஒட்டிக்கொண்டு வந்தது. ஆய்வகக் கூரை ஒழுகுகிறது, சரியாக நுண்தராசுக்கு நேர் மேலே. மழை பெய்தால் தராசுக்கு ஒரு குடை, குடை ஓரத்தில் ஒரு வாளி. வீட்டில் அவரைத் தவிர மூன்று மீன்கள் மட்டும். மீன்கள் நல்ல சுபாவம், குறுக்கே பேசுவதில்லை. அவளும் தன் போய்த் திரும்பி வருகிற முறையைப் பற்றி எழுதினாள். பலகையைப் பற்றியும் அந்தப் பூஜ்ஜியத்தைப் பற்றியும் எழுதினாள். அதைப் படித்து அவர் சிரிக்கவில்லை. 'இந்தக் காலத்தில் திரும்பி வந்து பார்க்கிற ஒருவர் இருக்கிறார் என்பதே பெரிய ஆறுதல்' என்று எழுதினார். அந்த வரியை அவள் கவிழ்த்து வைக்காமல் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதெல்லாம் வீட்டில் தெரியாமல் இருக்குமா? அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணன் லிஃப்ட் பழுது பார்க்கிறவர்; யார் வீட்டு விஷயமும் அவர் காதில் ஏறாது. அண்ணி வீட்டிலேயே துணி தைக்கிறவர், கண்ணாலேயே ஆளை அளந்துவிடுவார். வியாழக்கிழமைதோறும் நாத்தனார் முகத்தில் ஒரு வெளிச்சம் வருவதை அளந்து, துருவித் துருவிக் கேட்டு, மூன்றாம் வாரமே விஷயத்தைக் கறந்துவிட்டார். அன்றிலிருந்து அந்த மனிதருக்கு அண்ணி வாயில் 'புரோட்டான்' என்று பெயர்.

"என்ன, புரோட்டான் எழுதிட்டாரா?"

"பிழைக் குறிப்பு அண்ணி. ஆபீஸ் விஷயம்."

"ஆமா ஆமா. ஆபீஸ் விஷயத்துக்குத்தான் காது சிவக்கும்."

பதினாலு மாதத்தில் அறுபது பிழை திருத்தினார்கள். இங்கேதான் அவள் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் ஒரு வெளி ஆள் வந்து சொல்லித் திருத்துவதா என்று அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. முன்னவரின் பழைய பக்கங்கள் அத்தனையையும், முந்நூற்றுச் சொச்சத்தையும், உட்கார்ந்து ஒரே மூச்சில் சரிபார்த்து முடித்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ஒரு புள்ளிகூட மிச்சம் வைக்கவில்லை. முதலாளி பூரித்துப்போய் ஒரு கையேடு அச்சடிக்க முடிவு செய்தார். துகள் எடை அட்டவணைகள் முழுவதும் புத்தகமாக ஆய்வகங்களுக்குப் போகப்போகிறது. அட்டையில் பெரிய எழுத்தில், 'பதினோரு ஆண்டுகள், பூஜ்ஜியம் பிழை'.

அந்த வியாழக்கிழமை கடைசிக் குறிப்பு வந்தது. 'இந்த வாரம் முழுவதும் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. இனி உங்கள் பக்கங்களில் எனக்கு வேலை இல்லை போலிருக்கிறது. வாழ்த்துகள்.'

அவ்வளவுதான். அடுத்த வியாழன் ஒன்றும் இல்லை. அதற்கடுத்ததும் இல்லை. ஐந்து வியாழன் போயிற்று.

அண்ணி ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டே தலை நிமிராமல் சொன்னார்: "எல்லாத்தையும் துடைச்சு வெச்சுட்டியே. இனிமே அந்த மனுஷன் எதைச் சாக்கு வெச்சு எழுதுவாரு? உன்னை மாதிரி ஒரு கெட்டிக்காரியை நான் பார்த்ததே இல்ல."

"நான் என் வேலையைச் செஞ்சேன் அண்ணி."

"செஞ்சே, நல்லா செஞ்சே. சரி, நீயே ஒரு கடிதாசு போடேன். எந்தக் காலேஜுன்னு தெரியுமில்ல?"

"என்னன்னு போடுறது?"

"நல்லா இருக்கீங்களா, மீனெல்லாம் நல்லா இருக்கான்னு போடு."

"ஒரு காரணமும் இல்லாமலா?"

அண்ணி மெஷினை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். மறுபடியும் மெஷினை ஓட்டினார். நாற்பத்தொரு வயதுப் பெண்ணுக்கு ஒரு மனிதனிடம் நலம் விசாரிக்கக் காரணம் வேண்டும் என்று தோன்றினால் அதை எப்படித் தைத்துச் சரி செய்வது?

உண்மையைச் சொன்னால் அவளுக்கு அவரைத் தேடியது. முகம் தெரியாது, குரல் தெரியாது, பெயர்கூடத் தெரியாது. இருந்தும் வியாழக்கிழமை மதியம் வந்தால் வயிற்றுக்குள் ஏதோ இடம் காலியாக இருந்தது. அவர் மறுபடி எழுத வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

கையேடு அச்சுக்குப் போக மூன்று வாரம் இருந்தது. ஒரே ஒரு புதுப் பக்கம் பாக்கி: நானோகிராமிலிருந்து அணு நிறை அலகு. அவள் கணக்குப் போட்டாள். 6.022, பத்தின் பதினான்காம் அடுக்கு. தாளைக் கவிழ்த்தாள். ஜன்னலோரம் போனாள். கீழே ஒருவர் தோளில் பேட்டரியோடு தெருவைக் கடந்துகொண்டிருந்தார். திரும்பி வந்து திருப்பிப் போட்டாள். ஒன்று வந்தது. எல்லாம் சரி.

அதன்பிறகு 6.022-ஐ அடித்துவிட்டு, அழகான கையெழுத்தில் 5.979 என்று எழுதினாள்.

எந்தப் பிழையைப் போடுவது என்று அவள் யோசித்துத்தான் போட்டாள். பத்து மடங்கு தப்பாகப் போட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். இது ஆயிரத்துக்கு ஏழுதான் குறையும். உலகத்தில் இதைப் பார்த்து எரிச்சல் அடையக்கூடியவர் ஒரே ஒருவர். அவர் முதல் நாளே பார்ப்பார், இரண்டாம் நாள் எழுதுவார். எழுதியதும் திருத்திவிடலாம். பலகையில் பூஜ்ஜியம் ஒன்றாகும், ஆகட்டும். அச்சுக்குப் போவதற்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே.

தாளைக் கட்டத்திடம் நீட்டியவள் அதை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்னக்கா, குடுக்க மனசில்லையா?" என்றார் அவர். எண்ணைப் பார்க்கவே இல்லை. பூஜ்ஜியம் அக்கா கொடுத்த எண்ணை யார் பார்ப்பார்கள்?

முதல் வியாழன் பெட்டி காலி. ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்தாள். இரண்டாவது வாரம் பெட்டிக்குள் ஒரு குறிப்பு இருந்தது. அவசர அவசரமாகத் திறந்தாள். ஒரு பிள்ளை, நாளைக்குள் ஒளியின் வேகம் வேண்டும் என்று கேட்டிருந்தது. இந்தப் பெட்டி அதற்கில்லை என்று கறாராக எழுதிவிட்டு, பாவம் என்று விடையையும் கொடுத்தாள்.

மூன்றாவது வாரமும் பெட்டி காலி. அந்தப் பக்கத்தை ஒரு நாளைக்கு இருபது தடவை திறந்து பார்த்தாள். 5.979 அங்கேயே கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. அவர் பார்ப்பதையே விட்டுவிட்டாரா? பார்த்தும், இந்தப் பெண் இவ்வளவுதான் என்று ஒதுக்கிவிட்டாரா? இரண்டாவது நினைப்புதான் கூடுதலாக வலித்தது. அடுத்த வியாழன் கையேடு அச்சுக்குப் போகிறது. ஒரு பொய்யான எண் அச்சாகி, ஊர் ஊராக ஆய்வகங்களில் போய் உட்காரும். அதை நம்பி யாரோ ஒருவர் எதையோ நிறுப்பார்.

புதன்கிழமை காலையில் அவள் கட்டத்தின் மேசைக்குப் போனாள்.

"நானோகிராம் பக்கத்தைத் திறக்கணும். தப்பு இருக்கு."

கட்டம் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். அலுவலக விதிப்படி, பிழைப் பதிவில் யார் போட்ட பிழை, யார் கண்டுபிடித்தது என்று எழுதாமல் எந்தப் பக்கத்தையும் திறக்க முடியாது. எழுதியது அப்படியே இணையத்தில் அந்தப் பக்கத்தின் அடியில் வந்துவிடும். அவர் குரலைத் தாழ்த்தி, "முன்னவர் கணக்குல எழுதிரட்டுமாக்கா? யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

"அவர் போய்ப் பதினோரு வருஷமாச்சு. இந்தப் பக்கம் பொறந்து மூணு வாரம்தான் ஆச்சு."

"அப்ப யார் போட்டதுன்னு எழுத?"

"நான்."

"கண்டுபிடிச்சது?"

"அதுவும் நான்தான்."

அடுத்த அறையிலிருந்து முதலாளி வந்து பலகையைப் பார்த்தார். கட்டம் பூஜ்ஜியத்தை அழித்து ஒன்று எழுதி முடித்திருந்தார். முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. வீட்டில் துக்கம் விழுந்ததுபோல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏம்மா, எப்படிம்மா இது? அசந்துட்டியா?"

"இல்ல சார். முழிச்சுக்கிட்டுத்தான் போட்டேன்."

அவருக்கு அது புரியவில்லை. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பூஜ்ஜியம் போனதற்காக அல்ல, அது போயும் ஒரு பயனும் இல்லாமல் போனதற்காக.

"அட்டையில என்னத்தப் போடுறது இப்ப? 'ஒரே ஒரு பிழை'ன்னா?" என்று முதலாளி புலம்பினார்.

"போடுங்க சார்," என்றார் கட்டம். "பூஜ்ஜியம்னாதான் ஜனங்க சந்தேகப்படுவாங்க. ஒண்ணுன்னா, அட, ஒழுங்கா எண்ணியிருக்காங்கன்னு நம்புவாங்க."

முதலாளி அவரை முறைத்தார். ஆனால் சாயங்காலம் அச்சகத்துக்குப் போன அட்டையில் 'பதினோரு ஆண்டுகள், ஒரே ஒரு பிழை. அதையும் நாங்களே பிடித்தோம்' என்று இருந்தது. வியாபாரி வியாபாரிதான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை தபால்காரர் மாடியேறி வந்தார். அந்த அலுவலகத்துக்குக் காகிதத் தபால் வருவதே அதிசயம். உறையின் மேல் 'சரிபார்ப்பவர் அவர்களுக்கு' என்று இருந்தது. கட்டம் அதை ஆரத்தித் தட்டு மாதிரி இரண்டு கையிலும் ஏந்தி வந்து அவள் மேசையில் வைத்தார்.

'வணக்கம். உங்கள் நானோகிராம் பக்கத்தை முதல் நாள் காலையிலேயே பார்த்தேன். பெட்டியில் எழுதப் போனேன். பக்கத்தின் அடியில் உங்கள் பூஜ்ஜியம் தெரிந்தது. நான் எழுதினால் அது ஒன்றாகிவிடும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். பதினோரு வருடத்துப் பூஜ்ஜியத்தை என் கையால் உடைக்க மனம் வரவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. எழுதி எழுதி அழித்தேன். மூன்று வாரம் மீன்களுக்குக்கூட என் முகம் பிடிக்கவில்லை. நேற்று நீங்களே உடைத்துவிட்டதைப் பார்த்தேன். இனி எனக்குத் தடையில்லை.

ஒரு சிறு உதவி. எங்கள் நுண்தராசு காட்டக்கூடிய மிகச் சிறிய எடை ஒரு மைக்ரோகிராம். அதை அணு நிறை அலகில் எழுதித் தராசின் மேல் ஒட்டப்போகிறேன். 5.979, பத்தின் பதினேழாம் அடுக்கு என்று எனக்கு வருகிறது. சரியா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். எங்களிடம் பிழைப் பெட்டி இல்லை. குறை இருந்தால் நேரில்தான் சொல்ல வேண்டியிருக்கும். சனிக்கிழமைகளில் நாள் முழுவதும் ஆய்வகத்தில் இருப்பேன்.'

அவள் வழக்கப்படி தாளைக் கவிழ்த்து, திருப்பிப் போட்டுப் பார்த்தாள். ஒன்று வரவில்லை. 0.993 வந்தது. சிவப்புப் பேனாவை எடுத்தவள் அப்படியே நிறுத்தினாள்.

இரவுச் சாப்பாட்டின்போது கடிதத்தை அண்ணியிடம் கொடுத்தாள். அண்ணி இரண்டு தடவை படித்துவிட்டு, "எனக்கு எண்ணெல்லாம் ஓடாது. என்னன்னு சொல்லு," என்றார்.

"அவர் முதன்முதல்ல எனக்கு எழுதினாரே, அதே பக்கம், அதே தப்பு. சட்டை மாறிப் போச்சுன்னு சொன்னாரே, அதே சட்டையை இப்ப அவரே போட்டிருக்காரு."

"அப்ப தெரியாம போட்டிருக்க முடியாதா?"

"அவர் தூக்கத்துல போட்டாக்கூட இந்தத் தப்பைப் போட மாட்டாரு அண்ணி."

அண்ணி கடிதத்தை மடித்து அவள் கையில் வைத்து, கையை விடாமல் பிடித்துக்கொண்டார். "சனிக்கிழமை அந்த நீல ஜாக்கெட்டைப் போட்டுக்கோ. தோள்ல கொஞ்சம் பிடிக்குது, நாளைக்குப் பிரிச்சுத் தர்றேன்," என்றார். அண்ணன், "எங்க போறா?" என்று கேட்டார். "ஒரு தராசைப் பார்க்க," என்றார் அண்ணி. அண்ணன் தலையாட்டிவிட்டு மோரை ஊற்றிக்கொண்டார்.

பஸ்ஸில் இரண்டு மணி நேரம், வெளியே மழை. வழி முழுவதும் ஒரே வாக்கியத்தை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனாள்: 'புரோட்டான் நிறையைப் போட்டுவிட்டீர்கள்.' கல்லூரியில் மூன்றாம் மாடி. நடைபாதைக் கடைசியில் ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே வாளி இருந்தது, குடை இருந்தது, குடைக்கடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் தராசு இருந்தது. பக்கத்தில் ஒருவர், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு சின்ன இடுக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. சட்டையில் ஒரு பொத்தான் வேறு நிறம். அண்ணி பார்த்தால் அங்கேயே ஊசி எடுத்திருப்பார்.

அவர் நிமிர்ந்தார். யாரென்று கேட்கவில்லை.

"உங்க கணக்கு தப்பா இருக்கு," என்றாள். ஒத்திகை பார்த்த வாக்கியம் எங்கோ பஸ்ஸிலேயே இறங்கிப் போயிருந்தது.

"எவ்வளவு தப்பு?"

"ஆயிரத்துக்கு ஏழு."

"உங்களோடதும் அவ்வளவுதானே?"

"ஆமா."

அவர் இடுக்கியை மேசையில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். "என் தப்பு வேணும்னே போட்டது. அது உங்களுக்குத் தெரிஞ்சுருக்கும்னு எனக்குத் தெரியும். உங்களோடது எப்படிங்கறதுதான் எனக்கு இன்னும் விளங்கல. ஒருவேளை நெஜமாவே கை தவறிப்போயிருக்கலாம். அப்படின்னா நான் இந்தக் கடிதாசைப் போட்டது அதிகப்பிரசங்கித்தனம். மன்னிச்சுக்கணும்."

அவளுக்கு முன்னால் வசதியான ஒரு வாசல் திறந்திருந்தது. கை தவறிவிட்டது என்று சொல்லிவிட்டால் போதும். மரியாதை மிஞ்சும், நாலு மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம். ஒன்றே கால் வருடமாக அவள் பிழைகளுக்குப் பின்னால் நின்றுதான் பேசிக்கொண்டிருந்தாள். வாளிக்குள் ஒரு சொட்டு விழுந்தது.

"கை தவறல," என்றாள். "போய்த் திரும்பி வந்து பார்த்தேன், ஒண்ணு வந்துச்சு. அதுக்கப்புறம்தான் மாத்திப் போட்டேன். நீங்க எழுதணும்னுதான். நீங்க எழுதாம எனக்கு ஒண்ணுமே ஓடல."

சொல்லி முடித்ததும் உட்கார இடம் தேடினாள். அவர் அவசரமாக ஒரு ஸ்டூலைத் தூக்கி வந்து போட்டார். அந்த அவசரத்தில் வாளியை உதைத்தார். தண்ணீர் அறை முழுக்க ஓடியது. இரண்டு பேரும் குனிந்து துடைத்தார்கள், துடைத்துக்கொண்டே பேசினார்கள், துடைத்து முடித்த பிறகும் பேசினார்கள். நாலு மணி பஸ் போயிற்று. ஐந்து மணி பஸ்ஸில் அவளை ஏற்றிவிட வந்தவர், சொல்ல வந்த ஏதோ ஒன்று பாதியில் நிற்கிறது என்று தானும் ஏறிக்கொண்டார். அது அவள் தெரு முனை வரைக்கும் முடியவில்லை.

அண்ணி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். தெருவிளக்கு வெளிச்சத்தில் வருகிறவர்களைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை அளந்தார். வேறு நிறப் பொத்தானில் கண் கொஞ்சம் நின்றது. பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நாத்தனாரைப் பார்த்தார்.

"என்னம்மா இது? போகும்போது ஒண்ணு, திரும்பி வரும்போது ரெண்டா? உன் கணக்கு இவ்வளவு தப்பா வந்து நான் பார்த்ததே இல்லையே!"

அவள் கைப்பையைத் தோளில் சரி செய்துகொண்டாள். உள்ளே சிவப்புப் பேனா இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

"உள்ள வாங்க," என்றாள் அவரிடம்.